நிறமாலை பிரித்த இரு குடும்பங்கள்

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி, 1941-ஆம் ஆண்டில், நிறமாலை பதிவான 14 சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்த விண்மீன்களை, இரண்டு வகையாகப் பிரித்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நிறமாலை என்பது ஒளியை நிறவாரியாகப் பகுத்தால் கிடைக்கும் பட்டை. அதிலுள்ள கோடுகள், ஒளி எந்தெந்தத் தனிமங்களிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அந்த 14-இல் 9 தம்முள் வியக்கத்தக்க ஒற்றுமை கொண்டிருந்தன; அவற்றில் ஹைட்ரஜன் கோடுகள் தென்படவில்லை. எஞ்சிய 5-இல் ஹைட்ரஜன் தெளிவாகத் தெரிந்தது. முன்னவை முதல் வகை, பின்னவை இரண்டாம் வகை என்று அவர் தற்காலிகமாகவே குறித்தார். அந்தத் தற்காலிகப் பெயர்களே இன்றளவும் நிலைத்துவிட்டன.

வெளித்தோற்றத்தை வைத்து வகுத்த இந்தப் பாகுபாடு, விண்மீன் ஏன் வெடிக்கிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அக்கேள்விக்கு வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934-இலேயே ஒரு விடையை முன்வைத்திருந்தனர்: சாதாரண விண்மீன் ஒன்று, நியூட்ரான்கள் நெருங்கிச் செறிந்த மிகச் சிறிய விண்மீனாகச் சுருங்கும்போது வெளிப்படும் ஆற்றலே சூப்பர்நோவா என்றனர். ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் சொல்லப்பட்ட இக்கருத்து, இருபதாம் நூற்றாண்டு வானியலின் மிகத் துணிச்சலான ஊகங்களில் ஒன்று. இரண்டாம் வகையைப் பொறுத்தவரை அது சரியென்றே பின்னர் நிலைநாட்டப்பட்டது.

சூரியனைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடன் பிறக்கும் விண்மீன், ஹைட்ரஜனில் தொடங்கிச் சிலிக்கன் வரை படிப்படியாகக் கனமான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறுகிறது. இரும்பை இணைத்தாலோ ஆற்றல் கிடைப்பதில்லை. ஆகவே இரும்புக் கருவகத்தின் நிறை ஒரு வரம்பைத் தாண்டியதும், ஏறத்தாழ பூமியளவுள்ள அது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு நொறுங்கி, அணுக்கருவின் அடர்த்தியை எட்டியதும் மேலும் அமுங்காமல் எதிர்த்துத் துள்ள, அங்கிருந்து அதிர்ச்சியலை புறப்படுகிறது. அந்த அலை வழியிலேயே வலுவிழந்து தேங்கிவிடுகிறது. பொருளுடன் மிக அரிதாகவே வினைபுரியும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் தம் ஆற்றலில் ஒரு சிறு பங்கை அங்கே விட்டுச்செல்வதால்தான் அது மீண்டும் உயிர்பெறுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை நியூட்ரினோக்களே கொண்டுபோய்விடுகின்றன.

இதற்கு நேரடிச் சான்று 1987 பிப்ரவரி 23 அன்று கிடைத்தது. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் ஒளி தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் இருந்த நிலத்தடிக் கருவிகள் சேர்ந்து சுமார் 25 நியூட்ரினோக்களைப் பதிவுசெய்தன. ஒரு விண்மீனின் கருவகம் நொறுங்குவதை மனிதர் நேரடியாக அறிந்த முதல் தருணம் அதுவே.

முதல் வகையின் வரலாறு வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே செய்த கணக்கிலிருந்து ஒரு வரம்பு உருவாயிற்று: சூரியனையொத்த விண்மீன் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் வெண்குறுமீன், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை தாங்காது. இரும்புக் கருவகத்தின் வீழ்ச்சிக்கும் அடிப்படை இவ்வரம்பே. வெண்குறுமீன் ஒன்று துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்தோ, மற்றொரு வெண்குறுமீனுடன் இணைந்தோ, அதன் கார்பன் பற்றிக்கொள்ளும்போது விண்மீன் முழுவதும் சில விநாடிகளில் சிதறிவிடுகிறது. நியூட்ரான் விண்மீன் எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போது உருவாகும் கதிரியக்க நிக்கல், கோபால்ட்டாகவும் பின்னர் இரும்பாகவும் சிதைவதே வாரக்கணக்கில் நீளும் ஒளிக்குக் காரணம்.

1980-களில் இந்த முதல் வகையே பிளந்தது. வெண்குறுமீன் வெடிப்புக்கு 1ஏ என்றும், ஹைட்ரஜனோடு 1ஏ-க்குரிய வலுவான சிலிக்கன் கோடும் இல்லாதவற்றில் ஹீலியம் தெரிபவைக்கு 1பி என்றும், அதுவும் தெரியாதவைக்கு 1சி என்றும் பெயரிட்டனர். 1பி, 1சி இரண்டும் தம் ஹைட்ரஜன் உறையை முன்பே இழந்த பெருநிறை விண்மீன்கள். கருவகம் நொறுங்கியே வெடிப்பவை. பெயரால் முதல் வகையானாலும் உறவால் இவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அன்றே பெயரைத் திருத்தியிருக்க வேண்டும்.

நிறமாலைக் கருவிகள் தோன்றுமுன் வெறும் கண்ணால் காணப்பட்ட சூப்பர்நோவாக்களை எவ்வகையில் சேர்ப்பது என்பது நெடுங்காலம் தீராத வழக்காயிருந்தது. தூசிமேகங்களில் பட்டுச் சிதறிச் சுற்றுவழியில் தாமதமாக வந்துசேரும் ஒளியை, அதாவது ஒளி எதிரொலியை, ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கி 2008-இல் பதிவுசெய்தபோது, டைக்கோ பிராகி 1572-இல் காசியோப்பியா விண்மீன்குழுவில் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் நிறமாலை கிடைத்தது. அதில் ஹைட்ரஜன் இல்லை, சிலிக்கன் இருந்தது, அது 1ஏ.