பதிவேட்டில் பெயரில்லாத தாய்மார்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு இன்று மென்பொருள் நிறுவனங்களால் அறியப்படும் பகுதி. பெயரிலுள்ள ‘ஒயிட்’ நிறத்தைக் குறிப்பதன்று. யூரேசியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்தைத் தோற்றுவித்த டேவிட் இமானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட் என்பவரைக் குறிப்பது. 1882இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார், அச்சமூகத்தாரின் வேளாண் குடியேற்றத்துக்காக 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். இந்த மண்ணிலேயே தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள் தனியே ஒரு குடியேற்றம் கேட்க நேர்ந்தது ஏன்? விடை சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்குகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைப் படைவீரர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஏழைகள். ஆளும் இனத்தவராயினும் அவர்களும் கூலிக்கு வந்தவர்களே. அவர்கள் கத்தோலிக்கரான போர்ச்சுகீசிய வழிப் பெண்களை மணப்பதைக் கம்பெனி விரும்பவில்லை. ஆகவே, உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்குமாறு 1687இல் லண்டனிலிருந்த இயக்குநர்கள் சென்னைக்கு எழுதினர். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கவும் எண்ணினர்.

நூறாண்டுகள் கழித்து அதே கம்பெனி எதிர்த்திசையில் திரும்பியது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர் கம்பெனியின் குடிமை, படை, கடற்பணிகளில் சேர 1791இல் தடை வந்தது. 1795இல் பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதோர் படையில் குழலூதுவோராகவும், முரசறைவோராகவும், வாத்தியக் குழுவினராகவும், குதிரைக்கு லாடம் அடிப்போராகவும் மட்டுமே இருக்கலாம் என்றானது. பதவிகளைத் தம் உறவினருக்கே ஒதுக்க விரும்பிய இயக்குநர்களின் நலன் இதற்கொரு காரணம். இனக்கலப்பு பற்றிய அச்சம் மற்றொன்று.

தாயின் நிலை இதனினும் கொடிது. ஞானஸ்நானப் பதிவேடுகள் பலவற்றில் தந்தையின் பெயர் இருக்கும்; தாயின் இடத்தில் ‘சுதேசிப் பெண்’ என்பது போன்ற குறிப்பே இருக்கும். 1789இல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற சென்னை ஆண் அநாதை இல்லம், படைவீரரின் பிள்ளைகளைத் தாய்மாரின் பழக்கவழக்கங்களிலிருந்து பிரித்து வளர்ப்பதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. தாய் உயிரோடிருந்தும் பிள்ளை அநாதையானான்.

1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபோது இவ்வரலாறும் உடன் வந்தது. மக்கள் ‘தண்டு’ என்றழைத்த படைமுகாமைச் சுற்றித் தமிழ் நாட்டிலிருந்து வந்த வணிகரும் சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் குடியேறினர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அங்கே வேரூன்றின. பிறப்பாலோ நிறத்தாலோ எவருக்கும் பணி மறுக்கலாகாது என 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கூறியது. ஆயினும் உயர்பதவிகள் அவர்களுக்கு எட்டவில்லை. அரசு வேலையை மட்டும் நம்பியிராமல் நிலத்தை நம்பி வாழலாம் என்பதே ஒயிட்டின் திட்டம்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுத்தது. இந்திய அரசமைப்பின் 366(2) பிரிவிலும் அவ்வரையறையே தொடர்கிறது. 1791இல் தாயைக் காட்டி விலக்கினார்கள். 1935இல் தந்தையைக் காட்டிச் சேர்த்தார்கள். மக்களவையில் அச்சமூகத்துக்கு இருந்த நியமன இடங்கள் 2020இல் முடிவுக்கு வந்தன. வரையறை மட்டும் மாறவில்லை. ஒரு வராகன் தருவதாகச் சொல்லப்பட்ட தாய்க்கு அதில் இன்றும் இடமில்லை.