மொழியுறவும் சான்றும்

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938இல் வெளியிடத் தொடங்கிய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, தமிழ் வேர்களை இந்தோ-ஐரோப்பியச் சொற்களோடு இணைத்துக் காட்ட முயன்றது. 1947இல் அவர் மறைந்தபோது அப்பெரும்பணி முற்றுப்பெற்றிருக்கவில்லை. பின்னர் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தம் மொழிக்கும் தமிழுக்கும் உறவு கண்டார். யாழ்ப்பாணத்து அறிஞர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடிணைந்து ஆராய்ந்தனர். இவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் இவ்விரு கொள்கைகளையும் மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஏற்றிலர்.

ஏன்? ஒலியொப்புமை மட்டும் உறவாகாது. தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' ஆகியன உடன்பிறப்புகள்போல் தோன்றும். ஆயின் 'எண்பது' என்னுஞ் சொல்லே நம் எட்டின் வேர் 'எண்' எனக் காட்டிவிடும்; ஆங்கிலச் சொல்லோ இலத்தீன் 'ஒக்டோ'வின் இனம். மாறாக, தமிழ்ச் 'செவி' கன்னடத்திற் 'கிவி'. 'செய்' பழங்கன்னடத்திற் 'கெய்'. இத்தகைய மாற்றம் பல சொற்களில் ஒரே முறையாய் நிகழ்வதே உறவுக்குச் சான்று.

இதனை நாம் வலியுறுத்தக் காரணமுண்டு. மொழிக்குடும்பத்தை இரத்தவுறவாகத் திரித்து, சிங்களரை ஆரியர் என்றும் தமிழரைத் திராவிடர் என்றும் இரு இனங்களாக்கிய பொய்க்கு இந்நாடு கொடுத்த விலை பெரிது. அப்பொய்யை மறுக்கும் நாம், நம் பெருமைக்கு உகந்த கொள்கையிடத்தும் அதே சான்றைக் கேட்டல் வேண்டும். வகுப்பறையில் மாணவர் பழகவேண்டிய நேர்மை இதுவே.