தும்பறைச் சமவெளியில் பல்லேகல

கண்டி நகரை மகாவலி கங்கை வளைத்தோட, உள்ளே ஏரியைச் சுற்றி மலைகள் நெருங்கி நிற்பதால், பெருந்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சமநிலம் அந்நகருக்குள் என்றும் போதியதாக இருந்ததில்லை. மகியங்கனை வீதியில் தென்னக்கும்புரவில் ஆற்றைக் கடந்து, நரேந்திரசிங்க மன்னன் (1707–1739) மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலையைத் தாண்டினால், தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள பல்லேகலவில் நிலம் விரிந்து கிடக்கிறது.

அவ்விடத்தின் தொழில் வரலாறு கோப்பியோடு தொடங்குகிறது. ஜமேக்காவில் பயின்று 1837இல் இலங்கைக்கு வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர், பழத்தின் சதையை இயந்திரத்தால் அகற்றி, கொட்டையை ஊறவைத்துக் கழுவி உலர்த்தும் மேற்கிந்திய முறையை இங்குள்ள தோட்டத் துரைமாரிடையே பரப்பினார். பல்லேகலத் தோட்டம் அவர் பெயரோடு இணைந்தது. மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களை, கங்காணிமார், அதாவது கூலியாட்களைத் திரட்டி வந்து மேற்பார்த்தவர்கள், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தனர். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாகப் படரும் பூஞ்சையான இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. உயர்ந்த மலைத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறியபோது, தாழ்வும் வெம்மையும் உடைய தும்பறையில் கொக்கோ இடம்பிடித்தது. தேயிலையே மலைநாட்டின் முழுக்கதை என்ற பழகிப்போன எண்ணத்துக்கு இப்பள்ளத்தாக்கு இடம் தருவதில்லை.

1980களில் இப்பக்கத்தில் மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை எழுந்தது. பழைய தெல்தெனிய நகர் நீருக்குள் போக, பொறியியலாளர் குடியிருப்பு அமைந்த திகன வரை மகியங்கனை வீதியின் இரு மருங்கும் வளர்ந்தது. முதலீட்டுச் சபை, அதாவது அந்நிய முதலீட்டை ஈர்க்கும் அரச நிறுவனம், பல்லேகலவில் கண்டி கைத்தொழிற்பேட்டையை அமைத்ததும் சுற்றூர்களுக்கு ஆலைவேலை வாசலருகே வந்தது. அவ்வாறாயினும் இதைக் கைத்தொழில் நகர் என்று மட்டும் சொல்லுவது பொருந்தாது. கண்டி 1988இல் உலக மரபுரிமை நகரானபின் அதன் நடுப்பகுதியில் பெருங்கட்டடங்களுக்கு இடம் மேலும் சுருங்கியது. நகரம் தன்னுள் வைக்க முடியாதவற்றுக்கெல்லாம் ஆற்றுக்கப்பால் இருந்த இவ்விடமே புகலாயிற்று. மாகாண சபை அலுவலகங்கள் இங்கு அமைந்தன. 2010 முதல் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் விளையாட்டரங்கும் இங்கேயே உள்ளது. கண்டி நகரில் 1876இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறையின் கைதிகளும் 2014இல் இங்கு மாற்றப்பட்டனர்.