வாடகை வீட்டினுள் உரிமையாளர் நுழைவு (மண்டைக்காடு)

மண்டைக்காடு, கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள கடலோரப் பேரூராட்சி. பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடையால் அறியப்படுவது. வாடகைக்கு விட்ட வீட்டினுள் உரிமையாளர் எப்போது நுழையலாம் என்ற கேள்விக்கு இவ்வூரில் காலந்தோறும் வெவ்வேறு விடை இருந்தது. ஊர் எந்த ஆட்சியின் கீழ் இருந்தது, நகராட்சியா இல்லையா என்பவற்றைப் பொறுத்து அது மாறியது.

பிரித்தானிய இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில் இரண்டு விதிகளை அருகருகே வைத்தது. வாடகை செலுத்துபவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்பது ஒன்று. நியாயமான எந்த நேரத்திலும் உரிமையாளரும் அவர் முகவரும் உள்ளே வந்து வீட்டின் நிலையைப் பார்வையிட அவர் இடம் தர வேண்டும் என்பது மற்றொன்று. 'நியாயமான நேரம்' எது என்று சட்டம் சொல்லவில்லை. முன்னறிவிப்பும் கேட்கவில்லை. நடைமுறையில் இது உரிமையாளருக்கே சாதகம்.

மன்னராட்சித் திருவிதாங்கூரில் இருந்த மண்டைக்காட்டுக்கு அன்று இச்சட்டம் நேரடியாகச் செல்லாது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்த பிறகே மாநிலச் சட்டங்கள் படிப்படியாக இங்கு வந்தன.

அவற்றுள் வாடகைதாரரின் காவலாகக் கருதப்பட்டது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் கவலை வாடகையின் அளவும் வெளியேற்றமுமே. தண்ணீரையும் மின்சாரத்தையும் உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்றது. வாசலைப் பற்றிப் பேசவில்லை. மேலும், அது இயல்பாகப் பொருந்தியது நகராட்சிகளுக்கு. பிற ஊர்களுக்கு அரசின் அறிவிக்கை தேவைப்பட்டது. நாகர்கோவில் வாடகைதாரருக்குக் கிடைத்த காவல் மண்டைக்காட்டாருக்குத் தானாகக் கிடைக்கவில்லை.

மாற்றம் 2017இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தனர். அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தியது அதே ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் பேரூராட்சிகளையும் நகர்ப்புறமாகக் கொள்கிறது. எனவே மண்டைக்காடும் அதனுள் அடங்கும்.

இதன்படி உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பழுது பார்த்தல், வீடு குடியிருக்கத் தக்கதா எனப் பார்த்தல், ஒப்பந்தத்தில் எழுதிய நியாயமான பிற காரணம் ஆகியவற்றுக்கே நுழையலாம். மூன்றாவது காரணம்தான் ஓட்டை. பெரும்பாலும் ஒப்பந்தத்தை எழுதுபவர் உரிமையாளர். வீடு கிடைத்தால் போதும் என்று கையெழுத்திடுபவர் அதை வரிவரியாகப் படிப்பதில்லை. வாய்ப்பேச்சில் குடியேறியவரிடம் காட்டுவதற்குத் தாளே இல்லை.

குற்றவியல் சட்டம் வேறு அளவுகோல் கொண்டது. அது பார்ப்பது உடைமையை, பட்டாவை அல்ல. வேறொருவர் அனுபவத்தில் உள்ள வீட்டினுள் மிரட்டவோ அவமதிக்கவோ நுழைபவர், அவ்வீட்டின் சொந்தக்காரராகவே இருந்தாலும், அத்துமீறல் குற்றத்துக்கு ஆளாகலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441, 442ஆம் பிரிவுகளில் இருந்த இது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் உள்ளது.

நாஞ்சில் நாட்டில் ஒற்றிக்கு வீடு எடுப்பதும் உண்டு. மொத்தத் தொகை கொடுத்து, அது திரும்பும்வரை வாடகையின்றிக் குடியிருப்பது. பத்திரம் உடைமையோடு கூடிய அடமானமாக எழுதப்பட்டிருந்தால், ஒற்றிக்காரர் சட்டத்தின் பார்வையில் வாடகைதாரரே அல்லர். மேற்சொன்ன 24 மணி நேர விதியும் வாடகை ஒப்பந்தங்களுக்கு உரியதே.