கணினியும் புதிய கட்டுமானமும்

ஒரு புதிய கட்டுமான முறை புயலையும் பனியையும் தாங்குமா என்பதைப் பொறியாளர்கள் முன்பு கையால் கணக்குப் போட்டும் சோதனை செய்தும் அறிந்தனர். 1970-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சன் 'சாப்' என்ற கணினி நிரலை வெளியிட்டார். கட்டடத்தைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து விசைகளைக் கணக்கிடும் நிரல் இது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 கணினி வந்தது.

ஆனால் கணினி சொன்னால் போதுமா? அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர விளையாட்டரங்கின் எஃகுக் கூரை கணினியின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. கட்டும்போதே கூரை கணக்கிட்டதைப் போல இரு மடங்கு தொய்ந்தது. ஆனாலும் கணக்கையே நம்பினார்கள். 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனியின் பாரத்தில் கூரை இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் சுமார் 5,000 பார்வையாளர்கள் கலைந்து சென்றிருந்தனர்! கம்பிகளுக்குப் போதிய பக்கவாட்டுப் பிடிப்பு இருப்பதாக எடுத்துக்கொண்டே கணினி கணக்கிட்டது. உண்மையில் அந்தப் பிடிப்பு இல்லை.

இந்தப் பாடம் விழுப்புரம், திண்டிவனம் பகுதிக்கும் தேவையானது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 875, 2015-ல் திருத்தப்பட்டபோது, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ. வரை புயல் பகுதியாகக் கொள்ளப்பட்டது. இரு ஊர்களும் இதற்குள் அடங்குகின்றன. இங்கே மருத்துவமனை, பள்ளி, புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றுக்குக் காற்றின் வேகத்தை 1.30 மடங்காக உயர்த்திக் கணக்கிட வேண்டும். காற்றழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் சுமை 1.69 மடங்காகிறது. 1987-ஆம் ஆண்டு விதியின் எண்களைக் கொடுத்தாலும் கணினி தயங்காமல் விடை சொல்லும். ஆனால் அந்த விடையை நம்பிக் கட்டிய மருத்துவமனை, புயலடிக்கும் நாளில்தான் சோதிக்கப்படும்.

சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டப்பட்டவை. இத்தகைய கட்டடங்களின் பலம் இணைப்புகளில் இருக்கிறது. இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை ஆய்வகத்தில் அளந்துதான் கணினிக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் 1965-ல் தொடங்கப்பட்ட கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், சென்னை தரமணியில் கணினிகளோடு காற்றுச் சுரங்கத்தையும் அதிர்வு மேடையையும் வைத்திருக்கிறது.

கணினி கணக்கை விரைவாக்கும். எதைக் கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்வது மனிதனின் பொறுப்பே.