படுதாவுக்குப் பின்னால் நின்றவர்கள்

ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா வருகிறது. பேச்சுப் போட்டியில் வென்றவருக்குக் கோப்பை, கட்டுரைக்குப் புத்தகம், ஓட்டப் பந்தயத்துக்குப் பதக்கம், நாடகத்தில் நன்றாக நடித்தவருக்குச் சுழற்கேடயம். பெயர் படிக்கப்படும்போது மண்டபம் அதிரக் கைதட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் நாடகம் முடிந்து வெளியே வரும் பெற்றோர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதுண்டா?

“அந்தக் கோட்டை வாசல் அசல் கோட்டை மாதிரியே இருந்துச்சு, பாத்தீங்களா?”

“ஆமா, ராத்திரி சீன்ல அந்த நிலா எப்படித்தான் எறங்குச்சோ!”

கோட்டையைக் கட்டிய மாணவர் யார், நிலாவை இறக்கிய மாணவி யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பரிசுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. மேடை அமைக்கும் மாணவருக்கென்றே பரிசும் போட்டியும் வைக்கும் வழக்கம் உலகில் எப்படி வந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் நம் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குவோம்.

மாதவி பெற்ற பரிசு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் ஒரு கொத்தனாரைப் போலக் கணக்காகச் சொல்கிறார். முதலில் அளவுகோல். 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் கொண்டது மேடை. மேடைப் பலகைக்கும் மேலே இருக்கும் உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். உள்ளே போக ஒரு வாயில், வெளியே வர ஒரு வாயில். தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும். இன்றைய ஒளியமைப்பாளரும் முதலில் பார்ப்பது இதைத்தானே! திரையிலும் மூன்று வகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கம் இழுக்கும் திரை, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் திரை, மேலே மறைந்திருந்து இறங்கும் திரை என்று பொருள் சொல்வார்கள்.

இத்தனையும் சொன்ன அடிகள், மாதவிக்குக் கிடைத்த பரிசையும் சொல்கிறார். சோழ மன்னனிடம் அவள் தலைக்கோல் பட்டமும், பச்சைமாலையும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஆடலாசிரியர், இசையாசிரியர், பாட்டு வல்ல புலவர், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என ஒவ்வொருவர் தகுதியையும் காதை தனித்தனியே விரித்துரைக்கிறது. அரங்கைச் சமைத்தவரோ ‘நூலோர்’ என்ற ஒரு பொதுச் சொல்லோடு நின்றுவிடுகிறார். அவர் வகுத்த அளவு காலத்தை வென்று நிற்கிறது. அவர் யாரென்று தெரியவில்லை. பரிசு வாங்கியதாகவும் செய்தி இல்லை.

சீன் எழுதிய கைகள்

பிற்காலத்துக்கு வருவோம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அவ்வை டி. கே. சண்முகம் போன்றவர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்த கம்பெனி அது. இத்தகைய பாலர் நாடகக் கம்பெனிகளே அக்காலத்தில் நாடகப் பள்ளிகளாகவும் இருந்தன. பாட்டு, வசனம், நடை, உடை எல்லாவற்றையும் பிள்ளைகள் அங்கேயே தங்கிக் கற்றார்கள்.

அந்தக் கம்பெனிகளின் உயிர் நடிகரிடம் இருந்தது என்றால், உடம்பு படுதாவில் இருந்தது. தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று துணியில் எழுதிச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது முதலில் வண்டியில் ஏறுவது அந்தச் சுருள்கள்தாம். சி. கன்னையா கம்பெனியும், நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியும் காட்சி ஜோடனைக்கே பேர் போனவை. பிறகு ஆர். எஸ். மனோகர் தம் நேஷனல் தியேட்டர்ஸ் மூலம் ‘இலங்கேஸ்வரன்’ முதலிய புராண நாடகங்களில் தந்திரக் காட்சிகளைக் காட்டி மக்களை வாய் பிளக்க வைத்தார்.

படுதா எழுதிய ஓவியர்களோ? ஒருவரை மட்டும் சொல்கிறேன். கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் என்று இவர் எழுதிய காலண்டர் படங்கள் தமிழர் வீடுகளில் பூசையறை வரை சென்றன. சிராங்கூன் சாலைக் கடைகளில் சாமி படம் வாங்கியவர்கள் இவருடைய கைவண்ணத்தையோ இவர் சீடர்களின் கைவண்ணத்தையோ பார்த்திராமல் இருக்க முடியாது. இவர் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிய ஓவியர். காலண்டரில் அச்சான பிறகுதான் பேர் பரவியது. மேடையில் தொங்கிய படுதாவில் கையெழுத்துப் போட்டு யார் பேர் வாங்கினார்கள்?

வங்காளத்தில் நிலை சற்று மேல். 1959இல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத் ‘அங்கார்’ நாடகத்தை அரங்கேற்றினார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி மனிதர்கள் மூழ்கும் காட்சி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் விளக்கை வைத்தே வெள்ளத்தைக் காட்டினார் தபஸ் சென். அவருக்கு 1974இல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. விளக்குப் போட்டவருக்கும் நாட்டின் உயர்ந்த விருது உண்டு என்று ஆனது பெரிய திருப்பம் என்றால் மிகையாகாது. ஆயினும் அது முதிர்ந்த கலைஞருக்கான விருது. படிக்கும் பிள்ளைக்கு?

செக் நாடு காட்டிய வழி

அதற்கு ஐரோப்பாவின் நடுவே இருந்த ஒரு சின்ன நாட்டைப் பார்க்க வேண்டும். பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ கலைக் கண்காட்சியில் மேடை அமைப்புக்கும் ஒரு பிரிவு இருந்தது. 1959 முதல் 1965 வரை நான்கு முறை தொடர்ந்து அதில் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் செக்கோஸ்லோவாக்கியக் கலைஞர்கள். அவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற யோசெப் ஸ்வோபோதா. ‘இவ்வளவு கெட்டிக்காரர்கள் இருக்கிற ஊரிலேயே ஒரு கண்காட்சி வைத்தால் என்ன?’ என்ற எண்ணம் பிறந்தது. 1967இல் தலைநகர் பிராகில் மேடை அமைப்புக்கும் அரங்கக் கட்டடக் கலைக்கும் மட்டுமான உலகக் கண்காட்சி தொடங்கியது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. முதல் பரிசின் பெயர் பொன் திரிகா, அதாவது மூன்று குதிரை பூட்டிய தங்கத் தேர். நாடுகள் அதற்காகப் போட்டியிட்டன. 1995லும் 2011லும் அதை வென்றது பிரேசில். சாவோ பாவ்லோவில் போட்ட விதை பிராகில் முளைத்து, கனி மறுபடியும் பிரேசிலுக்கே போய்ச் சேர்ந்ததைப் பாருங்கள்!

இந்தக் கண்காட்சி செய்த பெரிய காரியம், மாணவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியதுதான். நாடகப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் செய்த மாதிரி மேடைகளையும் உடை வரைபடங்களையும் கொண்டுவந்து, உலகின் தலைசிறந்த கலைஞர்கள் வேலை இருக்கும் அதே ஊரில், அதே நாளில், காட்சிக்கு வைத்தார்கள். மாணவர் பகுதிக்கும் விருது உண்டு. கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் ஒரே கூரையின் கீழ் என்பது எவ்வளவு பெரிய ஊக்கம்!

லின்பரி பரிசு

இங்கிலாந்தில் 1987இல் இன்னொரு வழி பிறந்தது. முன்னாள் பாலே நடனமணி ஆன்யா லிண்டன், மணம் புரிந்து சேன்ஸ்பரி குடும்பத்துக்குப் போனவர். தம் பெயரில் பாதி, கணவர் குடும்பப் பெயரில் பாதி சேர்த்து ‘லின்பரி’ என்ற பெயரில் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். அதன் சார்பில் மேடை அமைப்பு படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள்.

பரிசைக் கொடுக்கும் முறைதான் கவனிக்க வேண்டியது. விண்ணப்பித்தவர்களில் 12 பேரைப் பொறுக்குவார்கள். அவர்களைப் பிரித்து உண்மையான நாடகக் குழுக்களிடம் ஒப்படைப்பார்கள். இயக்குநரோடு உட்கார்ந்து பேசி, நாடகத்தைப் படித்து, ஒவ்வொருவரும் ஒரு மாதிரி மேடை செய்ய வேண்டும். 25க்கு 1 என்ற அளவு. அதாவது ஒரு மீட்டர் மேடை மாதிரியில் 4 சென்டிமீட்டர். நாற்காலி ஒரு தீப்பெட்டி உயரம்கூட வராது! எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். வென்றவருக்குப் பணம் மட்டுமல்ல, அந்த மேடையை நிஜமாகவே கட்டும் வேலையும் கிடைக்கும். இப்படி லின்பரி பரிசு பெற்று வந்தவர்களில் ஒருவர் எஸ் டெவ்லின். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவின் அரங்கை அமைத்தவர் இவரே.

சிலம்பின் காலத்திலிருந்து நடந்து வந்தால் இந்த இடத்தில்தான் கணக்கு நேராகிறது. நடிகருக்கு ஒரு பரிசு, மேடை கட்டுகிறவருக்கும் ஒரு பரிசு. அதுவும் இளம் வயதிலேயே.

நம் சிங்கையில்

சிங்கப்பூரில் 1963இல் ரிவர் வேலி சாலையில் எழுந்த தேசிய அரங்கம் பலருக்கு நினைவிருக்கலாம். பக்கச் சுவர் கிடையாது. காற்றும் மழைச் சாரலும் அழைக்காமலே வரும் அந்த இடத்தில் ஒரு தட்டியை நிமிர்த்தி நிறுத்துவதே தனிக் கலை. 1986இல் அதை இடித்துவிட்டார்கள். 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழா, பள்ளி நாடகத்துக்கு நான்கு மொழிகளிலும் இடம் கொடுத்தது. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்றிருந்த விருதுகள் 2013 முதல் சான்றிதழ்களாக மாறின. எப்படியிருந்தாலும் அது குழு முழுமைக்கும் உரியது. 2001இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் தொடங்கிய நாடக விருதுகளில்தான் மேடை அமைப்பு, ஒளி, ஒலி, உடை ஆகியவற்றுக்குத் தனித்தனி விருது வந்தது. ஆனால் அது தொழில்முறைக் கலைஞர்களுக்கு.

நம் உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2006இல் உட்லண்ட்ஸ் அவென்யூ 9க்குக் குடிவந்தது. அதன் வளாகத்திலேயே கலாசார மையமும் நாடக அரங்கும் இருக்கின்றன. விளக்குப் போடுவதும் மேடை நிர்வாகம் செய்வதும் பாடமாகவே படிக்கலாம் என்ற நிலை நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் மேடைக்குப் பலகை வேண்டுமென்றால் சுங்கை காடுட் மரப்பட்டறைகளில் போய்க் கழிவுக் கட்டை கேட்டு நின்ற தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஒரு நண்பனின் ஆசை

அந்தத் தலைமுறையில் நானும் ஒருவன். நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்பு ஒரு சரித்திர நாடகம் போட்டது. மேடை வேலை முழுவதும் என் நண்பன் ஒருவன் செய்தான். சுங்கை காடுட்டில் கட்டை, கேம்பல் லேனில் ஜிகினாத் தாள், கடை கடையாய்ப் பொறுக்கிய பால் டின் அட்டைப் பெட்டி. பத்து நாள் ராத்திரி தூங்காமல் ஒரு அரண்மனையையே எழுப்பிவிட்டான். நாடகத்துக்கு முதல் பரிசு. நடித்தவர்கள் எல்லாரும் மேடையேறிக் கோப்பையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அவன் வரவில்லை. படுதாக் கயிறு அறுந்துபோயிருந்ததால், முன்னால் விழுந்துவிடாமல் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். யாரும் கூப்பிடவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பல ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டேன்.

“அன்னிக்கு உனக்கு வருத்தமா இல்லையாடா?”

சிரித்தான். “வருத்தம் என்னடா வருத்தம்? அரண்மனை விழாம நின்னுச்சு, அதுவே போதும். ஆனா ஒரே ஒரு தடவை, படுதாவுக்கு முன்னாடி நின்னு, ஜனங்க கண்ணுல அது எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு.”

மாணவச் செல்வங்களே, ஆசிரியப் பெருமக்களே! பிராகும் லின்பரியும் பெரிய இடத்துச் செய்திகள். ஆனால் அவை செய்த காரியம் பெரிய காரியம் அல்ல. பின்னால் நின்ற பிள்ளையைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். நாமும் செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு செருப்புப் பெட்டியை மேடையாக்கி, 25க்கு 1 அளவில் ஒரு காட்சியை அமைக்கட்டும். மண்டபத்தில் வரிசையாக வைப்போம். சிறந்ததை அடுத்த ஆண்டு நாடகத்துக்கு நிஜமாகவே கட்டுவோம். செலவு அட்டையும் பசையும்தான்.

அடுத்த பரிசளிப்பு விழாவில் நாடகப் பரிசு படிக்கும்போது இன்னொரு பெயரும் ஒலிக்கட்டும். அந்த நேரம் படுதாக் கயிற்றை நாம் யாராவது கொஞ்சம் பிடித்துக்கொள்வோம்.