சோவியத் வீழ்ச்சியும் நெல்லைச் சீமையும்

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. அதைத் தொடர்ந்து கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 1991 டிசம்பர் 25 அன்று மிகயீல் கொர்பச்சேவ் பதவி விலக, மறுநாள் சோவியத் ஒன்றியம் சட்டப்படி கலைந்து, அதன் 15 குடியரசுகளும் தனித்தனி நாடுகளாயின. உலக வரலாற்றில் இதன் விளைவுகளைப் பனிப்போரின் முடிவு, கியூபாவின் பஞ்சகாலம், புதிய எல்லைகள் என்று எழுதுவார்கள். இந்தியாவுக்கு ஆயுதம், எண்ணெய், ரூபாய்க் கணக்கிலான வணிகம் ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. ரூபாய்க்கே தேயிலை வாங்கிக்கொண்டிருந்த பெரும் வாடிக்கையாளரை நீலகிரி இழந்தது. தென்கோடியில், சங்கரன்கோவிலையும் கூடங்குளத்தையும் ஒரே மாவட்டத்தில் வைத்திருந்த அன்றைய திருநெல்வேலியில், இந்த வீழ்ச்சியின் தடம் அணு உலையிலும் வாக்குப் பெட்டியிலும் புத்தக அலமாரியிலும் வெவ்வேறு விதமாகப் பதிந்தது.

இப்பகுதியின் கம்யூனிஸ்ட் இயக்கம் மாஸ்கோவிலிருந்து இறக்குமதியானதல்ல. குத்தகை விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், நெசவாளர்கள் ஆகியோரின் சண்டைகளில் அது வளர்ந்தது. இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கட்சிக்காரர்கள்மேல் போடப்பட்ட நெல்லைச் சதி வழக்கு பலரை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு அவர்களில் ஒருவர். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தி, நாட்டுப்புறப் பாடல்களையும் கதைப்பாடல்களையும் மார்க்சியக் கண்ணோடு படிக்க ஒரு தலைமுறையைப் பழக்கினார். தொ.மு.சி. ரகுநாதன் கைத்தறி நெசவாளர்களின் பட்டினியை 1953இல் ‘பஞ்சும் பசியும்’ நாவலாக்கினார். சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரத் தறிக்காரர்களுக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

உலையின் கதைதான் நீளமானது. 1988 நவம்பர் 20 அன்று புதுதில்லியில் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளுக்கு ஒப்பந்தம் செய்தனர். சோவியத் கடனில் சோவியத் தொழில்நுட்பம். எரிந்த எரிபொருளையும் அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. எதிர்ப்பு அப்போதே தொடங்கிவிட்டது. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் முடிந்த மீனவர்களின் பேரணியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் திட்டத்தை அன்று நிறுத்திவைத்தது மக்கள் எதிர்ப்பைவிட, கையெழுத்திட்ட நாடு காணாமல் போனதுதான் என்று சொல்ல வேண்டும். கடன் தர வேண்டியவர் யார், எந்த நாணயத்தில் என்று தெரியாமல் பத்தாண்டு போயிற்று.

1992இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு ஒரு புதிய விதி கொண்டுவந்தது. தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்றது அது. இந்தியா அப்படி உட்படுத்தாத நாடு. எங்கள் ஒப்பந்தம் 1988ஆம் ஆண்டுடையது, விதிக்கு முந்தியது என்று ரஷ்யா வாதாடித்தான் திட்டத்தை உயிர்ப்பித்தது. மறைந்துபோன ஓர் அரசின் கையெழுத்து அதன் வாரிசுக்கு அவ்வளவு பயன்பட்டது. பொக்ரான் சோதனை நடந்த அடுத்த மாதம், 1998 ஜூன் 21 அன்று, துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. எரிந்த எரிபொருள் இனி இந்தியாவிலேயே இருக்கும் என்பது அதனோடு வந்த மாற்றம். உலைக்கு அருகிலுள்ள இடிந்தகரை மக்கள் 2011இல் போராட்டத்தில் இறங்கியபோது கேட்ட கேள்விகளில் இந்தக் கழிவு பற்றியதும் ஒன்று. 2002இல் கட்டுமானம் தொடங்கிய முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கி, 2014 டிசம்பர் 31 அன்று வணிக உற்பத்திக்கு வந்தது. ஒப்பந்தத்திலிருந்து கணக்கிட்டால் 26 ஆண்டுகள்.

அரசியலில், சோவியத்தோடு இங்குள்ள இடதுசாரிகளும் சரிவார்கள் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1992 ஜனவரியில், செங்கொடி இறங்கிச் சில நாட்களே ஆன நிலையில், மார்க்சிஸ்ட் கட்சி தன் 14ஆவது அகில இந்திய மாநாட்டைச் சென்னையில் கூட்டியது. சோவியத்தில் நடந்த தவறுகளை விவாதித்தது, கொள்கையைக் கைவிடவில்லை. அதே ஆண்டு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்புக்கு நல்லகண்ணு வந்தார். சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியோ, சோவியத் ஒன்றியம் வல்லரசாக இருந்த காலமெல்லாம் காங்கிரசின் கோட்டை. மு. அருணாசலம் 1977 முதல் தொடர்ந்து வென்ற இடம். அங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி முதன்முதலாக வென்றது சோவியத் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 2004இல். வென்றவர் மு. அப்பாதுரை. 2009இல் பொ. லிங்கம் மீண்டும் வென்றார். அந்த முறை நாடு முழுவதிலும் அக்கட்சிக்குக் கிடைத்த மக்களவை இடங்களே நான்குதான்.

இதைப் பார்த்து இப்பகுதி செங்கோட்டையாகிவிட்டது என்று முடிவு கட்டினால் தவறு. அக்கட்சி 2004இல் தி.மு.க. அணியிலும் 2009இல் அ.தி.மு.க. அணியிலும் நின்றுதான் வென்றது. 2014இல் இடதுசாரிகள் கழகங்களின் துணையின்றி நின்றபோது தமிழகத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆக, மாஸ்கோவின் எழுச்சியும் வீழ்ச்சியும் இங்கே வாக்கைத் தொடவில்லை. தொட்டது சென்னையில் போடப்பட்ட கூட்டணிக் கணக்கு.

நிரப்ப முடியாத இழப்பு புத்தகத்தில்தான். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து இலக்கியத்துக்கென்று பிரிந்த ராதுகாவும், அறிவியலுக்கான மீர் பதிப்பகமும் தமிழில் நூல்களை அங்கேயே அச்சிட்டுக் கப்பலேற்றின. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தனர். தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ கிருஷ்ணையாவின் கையில் தமிழானது. ரகுநாதன் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கியதோடு, சென்னையிலிருந்து வந்த ‘சோவியத் நாடு’ இதழிலும் நெடுங்காலம் பணியாற்றினார். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இந்நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப் படங்கள்; விலையோ மிகக் குறைவு. பிரச்சார நூல்கள் அதில் நிறையவே உண்டு. லெனின் தொகுதிகளை வாங்கியவர்கள் எல்லோரும் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் புஷ்கினும் செகாவும் யா. பெரெல்மானின் இயற்பியலும் சிற்றூர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டியது அந்த மானியத்தால்தான்.

1991க்குப் பின் கப்பல் நின்றது. இருந்த கையிருப்பு தீரும்வரை விற்றார்கள். அதன்பின் பழைய புத்தகக் கடைகளில் அவற்றின் விலை ஏறியது. புகழ்பெற்ற சில நாவல்களைத் தமிழகப் பதிப்பகங்கள் மறுபதிப்பாகக் கொண்டுவந்தன. சிறுவர் படக்கதைகளும் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் நூல்களும் பெரும்பாலும் அப்படி மீளவில்லை. அவற்றை அதே தரத்தில் அச்சிட்டால் அதே விலைக்கு விற்க இங்கே யாராலும் முடியாது. நெல்லை, தென்காசி மாவட்டங்களில் உங்கள் வீட்டுப் பரணில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஏதாவது கிடந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.